ராசிபுரத்துக் குழியானை

என் லில்லியின் அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் யார் தடுப்பது? சௌக்கியமா? நாங்கள் இருக்கிறோம். ஆனால் உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டுக் கிரகமும் ஒன்றுகூடி உலகம் அழியப்போகிறது என்று இந்த வருஷத் தொடக்கத்தில் சேலமே நடுங்கியதே, நினைவிருக்கிறதா? லில்லி பயந்துபோய்ச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். "அழிஞ்சா அழியட்டும் கண்ணு, அதுக்கப்புறமும் அப்பா டிக்கெட் கிழிப்பேன்" என்று நீங்கள் ஒரு கதையை ஆரம்பித்தீர்கள்.

ஆத்தூரிலிருந்து குமாரபாளையம் வரை ஒரே மணல்காடு. காவிரியே இல்லை. மணலுக்கடியில் மாதா கோயில் உயரத்துக்குக் குழியானைகள். அவை பின்பக்கமாகவே நகர்ந்து குழி பறிக்கும், சறுக்கி விழுந்தவர்களைப் பிடித்துத் தின்னும். அந்தக் காட்டில் ஓடும் ஒரே பஸ் உங்களுடையது. அவளும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ராசிபுரத்தில் பஸ் நின்றது, இறங்கிப் பார்த்த கண்டக்டர் குழிக்குள் சறுக்கிவிட்டார், மீதி நாளைக்கு என்றீர்கள். மறுநாள் டியூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான் நீங்கள், எழுந்திருக்கவில்லை. உங்களைக் குழியில் இறக்கும்போது அவள் போட்ட சத்தம் உங்களுக்குக் கேட்டதா?

"எறக்காதீங்க! அப்பாவ அது தின்னுரும்!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அன்றிலிருந்து பிள்ளை மண்ணில் கால் வைக்கவில்லை. வாசற்படி தாண்ட மாட்டாள், பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. உங்களுக்கென்ன, பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கண்டக்டர் மேலே ஏறி வந்துவிட்டார் என்று நானே முடித்துப் பார்த்தேன். "எப்படிம்மா ஏறுனாரு?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்?

கல்லறைத் திருநாளுக்கு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஆறு வயதுக் கழுதை, இடுப்பு கழன்றுவிட்டது. மதிலோரம் மழை படாத புழுதியில் சின்னச் சின்னக் குழிகள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. நீங்களும் நானும் சின்ன வயதில் பிடித்து விளையாடிய பூச்சி. ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்று இருந்துவிட்டோம். இவள் சிமெண்டு வாசலில் வளர்ந்தவள். இவளுக்கு யார் காட்டினார்கள்?

புழுதியோடு ஒன்றை அள்ளி உள்ளங்கையில் விட்டேன். தட்டைப்பயறு அளவு. தள்ளாடிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

"இதுதான் கண்ணு, குழியானை."

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான்."

தானாகவே இடுப்பிலிருந்து இறங்கினாள். வெறுங்காலோடு மண்ணில் நடந்துபோய், உங்கள் கல்லறைமேட்டில் குனிந்து வாயை வைத்தாள்.

"அப்பா, அது சின்னதுதானுங்க அப்பா. நீங்க பயப்படாதீங்க."

இத்தனை நாளும் அவள் தனக்காகப் பயப்படுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் மேல் இருந்த கோபமும் அதோடு போயிற்று.

நேற்று பள்ளிக்கூடம் போனாள். போகும்போது, மீதிக் கதையை நான்தான் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கதை சொல்ல வராது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று மட்டும் சொல்கிறேன். பஸ்ஸை ராசிபுரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்களை ஏற்றிக்கொள்ளாமல் விசில் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் லில்லியின் அம்மா