தாரில் பதிந்த கை

அர்மாஸ்,

நாம் விற்கப்போகும் பழைய துப்பாக்கி சமையலறை மேசையில் கம்பளித் துணிமேல் இருக்கிறது. சோப்பையும் உப்புத்தாளையும் ஒளித்துவைத்துவிட்டேன், தேடாதே.

"எல்லாம் போர்க்காலத்து அழுக்கு, சானா குளியலறையில வெச்சு ஆவி காட்டினா தானா இளகிடும்" என்று நேற்று தூக்கிக்கொண்டு போனாயே, அதற்குத்தான் கத்தினேன். இரும்பு துருப்பிடித்துப்போகும். மரக்கட்டையில் இருக்கும் அந்தக் கறுப்பு, அழுக்கே இல்லை; பைன் மரத் தார். உன் படகுக்குப் பூசுகிறாயே, அதேதான். அதைச் சுரண்டினால் மதிப்பு பாதியாகிவிடும். "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டாய். சரி, போகட்டும்.

காலையில் உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைத்தேன். இரும்புக்கு ஒரு சொட்டு எண்ணெய். குழலுக்குக் கீழே, இடது கை பிடிக்கும் இடத்தில், தாரில் ஒரு கை அப்படியே பதிந்திருக்கிறது! தார் காய்வதற்குள் யாரோ ஒருவன் அதை ஏந்திக்கொண்டு ஓடியிருக்கிறான். கட்டைவிரல் ரேகைகூடத் தெரிகிறது, அர்மாஸ்.

நம் பையன் ஓன்னியைப் பார்க்க ராணுவ முகாமுக்குப் போகிறேன். மீன் சூப் அடுப்பில் இருக்கிறது. மதியம் மதிப்பீட்டாளர் வந்தால் காபி கொடு, துப்பாக்கியைக் காட்டு.

தூலிக்கி

பி.கு. அந்தத் தடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது.

இன்னொன்று. போன மாதம் ஓன்னிக்குக் கையுறை பின்னும்போது என் கையைத்தான் அளவு வைத்துக்கொண்டேன்.

மதிப்பீட்டாளருக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடு.