அளவுக்கு வைத்த முட்டை

பினாங்கு,
2604, மாசி 9. (ஜப்பான்காரர் வந்த பிறகு வருஷத்தை அவர்கள் கணக்கில் இப்படித்தான் எழுத வேண்டுமாம்.)

அன்பு மகன் ஆனந்தராஜாவுக்கு ஐயா எழுதுவது. இங்கு நான் சுகம், நீயும் சயாம் ரயில் பாதை வேலையில் சுகமாயிருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், வேறு விதமாக எழுத எனக்கு வராது. மார்கழியில் வந்த உன் தபால் அட்டைக்குப் பிறகு ஒன்றுமில்லை. கஞ்சியில் உப்பே இல்லை என்று அதில் எழுதியிருந்தாய், அன்று முதல் எனக்கும் மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. இங்கே கூப்பனுக்குக் கிடைக்கும் உப்பும் ஈர உப்பு. உலர்த்தி நிறுத்தால் முக்கால்தான் தேறுகிறது. முப்பது வருஷம் சுங்கத் தராசடியில் நின்றவனிடமா இந்த வித்தை. அதனால் தஞ்சோங் தோக்கோங் போய் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கடல் தண்ணீர் அள்ளி வந்து நானே காய்ச்சுகிறேன். லாரி ஓட்டும் அர்ஜுனன் சயாம் பக்கம் போகிறான், அவனிடம் உனக்கு உப்பில் போட்ட தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் கொடுத்துவிட நினைத்தேன்.

அதற்குத் தண்ணீரில் உப்பு சரியாயிருக்க வேண்டும். நல்ல முட்டை கடல் தண்ணீரில் அமிழும், காய்ச்சக் காய்ச்ச மேலே வரும், ஒரு காசளவு வெளியே தெரிந்தால் போதும். நீ புறப்பட்ட அன்று கறுப்புக் கோழி இட்ட முட்டையை, நீ வந்ததும் பொரித்துத் தரலாமென்று அரிசிப் பானையில் வைத்திருந்தேன். மறுவாரம் கோழி களவு போனது, அளவு பார்க்கவும் அந்த ஒன்றுதான் மிஞ்சியது. முதலில் தகரம் பாதியாக வற்றிய பிறகே அது மிதந்தது. தை மாதம் சற்றுக் கொதித்ததுமே மிதந்தது. வெயிலில் கடலே கனத்துவிட்டது, விறகும் மிச்சம் என்று மகிழ்ந்துபோனேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரி காமாரியா நாக்கில் தொட்டுப் பார்த்து, தண்ணீர் சப்பென்று இருக்கிறதே என்றாள். அளவுக்கு முன்னால் நாக்கு என்ன சொல்வது என்று அவளை அனுப்பிவிட்டேன். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் என்னை அப்படிப் பேச விட்டிருக்க மாட்டாள்.

அந்தத் தண்ணீரில் தேசிக்காய் போட்டு மூடிய போத்தலை நேற்றுத் திறந்தால் அத்தனை காயும் பூசணம். காமாரியா முட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பழைய முட்டை லா, கிணற்றுத் தண்ணீரிலும் மிதக்கும்" என்றாள். போட்டுப் பார்த்தேன், மிதந்தது. உப்பு ஏறவில்லை தம்பி, நீ போய் நாள் ஏறியிருக்கிறது, அது தெரியாமல் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் போய்ச் சொல்ல ஆளில்லை.

கையிலிருந்த உலர்ந்த உப்பு அரை ராத்தலை அர்ஜுனனிடம் கொடுத்திருக்கிறேன். நிறை சற்றுக் குறைந்தால் மீதி ஈரமும் காய்ந்திருக்கும், அவனைச் சந்தேகிக்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. காய்ச்சல் வந்தால் மறைக்காமல் டிரஸரிடம் சொல்லி மருந்து கேள். முருகன் உன்னைக் காப்பாற்றுவான், அம்மாவின் ஆசியும் உன்னோடு இருக்கும். உப்பு வந்தது என்று இரண்டே சொல் எழுதி அனுப்பு, அது உன் கையெழுத்தாக இருக்க வேண்டும். முட்டையை எறியச் சொல்கிறாள் காமாரியா. திரும்பப் பானையில் வைத்துவிட்டேன், நீ வந்து எறி.

இப்படிக்கு,
உன் வரவு பார்த்திருக்கும் ஐயா
வி. ஏரம்பமூர்த்தி