உன் கட்டுரையின் பதினோராம் பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீ நன்றாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலிலேயே தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் படிகளைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவரே கழற்றி மாட்டினார், இப்போது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இனிமேல் எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ அம்மா, அம்மா என்று குறுக்கே வருவாய், நானும் அழுதுவிடுவேன், பேச்சு பாதியில் நின்றுபோகும். அதனால் நான்கு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் பேசு.

நீ அனுப்பிய கட்டுரையைச் சித்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் முன்னால் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அப்பா டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார், அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உனக்கே தெரியும். உலகமயமாக்கலைப் பற்றி ஆராயப் போன நீ முதல் மாதம் ஒன்றும் புரியாமல் நூலகத்தில் திருதிருவென்று விழித்தது, பிறகு நம் நாட்டையும் எங்கள் கம்பெனி மெஷின்களில் பாதியை ஏற்றிக்கொண்டு போன அந்த இன்னொரு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, எங்கே அடிக்கடி ஆட்சி கவிழ்கிறது, எங்கே வேலைநிறுத்தம், எங்கே எத்தனை நாள் தொழில் நின்றது என்று எண்ணி எண்ணி எந்த நாடு எவ்வளவு உறுதி என்று மார்க் போட்டது, எல்லாம் கேட்டோம். விடை தேடிப் போனேன், கேள்விதான் பெருகியது என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாயே, அதைச் சித்தியை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். பெருமையாக இருந்தது கண்ணு, அதை மறைக்க மாட்டேன். பதினோராம் பக்கம் வரும்வரை பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் நம் நாட்டின் உறுதிக்கு உதாரணமாக எங்கள் சட்டைக் கம்பெனியை எழுதியிருக்கிறாய். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட வேலை நின்றதில்லை, ஒரு விபத்து பதிவாகவில்லை, தொழிலாளிகள் திருப்தியாக இருக்கிறார்கள். இதைச் சொன்னவர் உற்பத்தி மேலாளர், கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினார், முடிக்கும்போது சிரித்துக்கொண்டே, "உங்க அம்மாவையே கேட்டுப் பாருங்க, அவங்கதான் இதுக்குச் சாட்சி" என்றார் என்றும் எழுதியிருக்கிறாய். சித்தி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாட்சி என்ற வார்த்தையை அவன் வாய்தவறிச் சொல்லவில்லை. உன் வழியாக எனக்குச் சொல்லி அனுப்பினான், என் பிடி இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது என்று.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். கழிப்பறை வாசலில் நின்று யார் எத்தனை நிமிஷம் என்று மணி பார்ப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது. ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரு ஆர்டர் அவசரம் என்று இஸ்திரிக் கூடத்தின் கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனான். உள்ளே பதினோரு பெண்கள். நீராவிக் குழாய் வெடித்தது. உன் இஸ்திரி அத்தை, உன் பள்ளிச் சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுப்பாளே அவளேதான், மற்றவர்கள் மேல் ஆவி அடிக்காமல் இருக்க வெறுங்கையால் வால்வைத் திருகி மூடினாள். நாங்கள் இந்தப் பக்கம் நின்று கதவை அடித்துக்கொண்டிருந்தோம். மெஷின் ஃபிட்டர் ஓடிவந்து கம்பியால் பூட்டை உடைத்தபோது அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றாள், கத்தக்கூட இல்லை.

மறுநாள் காலையில் கடிகாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டான். மேசையில் ஒரு தாள் இருந்தது, அந்தப் பெண் நேற்று விடுப்பில் இருந்தாள், வீட்டில் வெந்நீர் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று. கீழே சாட்சிக்கு இடம் விட்டிருந்தது. நான் அவளுடைய நெருங்கிய சிநேகிதி என்பதால்தான் என்னைப் பிடித்தான், நானே சொன்னால் யார் மறுப்பார்கள். மிரட்டவெல்லாம் இல்லை. "உன் பொண்ணு காலேஜ்ல சேர்ந்திருக்காளாமே. நல்லாப் படிக்கட்டும்" என்றான், பேனாவை என் பக்கம் தள்ளினான். நான் கையெழுத்துப் போட்டேன். நீ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெந்நீர் எப்படிக் கொட்டியது அத்தை என்று கேட்டாயாம், அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். அத்தை ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் அவளுக்குப் பொறாமை என்று சொன்னேன். அந்தப் பொய்க்கு யாரும் என்னை மிரட்டவில்லை, நானாகச் சொன்னது.

அந்த இன்னொரு நாட்டுக்கு நீ மார்க்கைக் குறைத்திருக்கிறாய், அங்கே தொழில் நின்ற நாட்கள் அதிகம் என்று. மெஷின்களைப் பொருத்திக் கொடுக்க நம் ஃபிட்டர் மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தார், அவர் சொன்னதைக் கேள். அங்கேயும் ஒரு நாள் கதவைப் பூட்டினார்களாம். அன்று சாயங்காலமே மொத்தப் பேரும் தெருவில் இறங்கி நான்கு நாள் உள்ளே போகவில்லையாம், இப்போது அந்தக் கட்டடத்தில் எந்தக் கதவுக்கும் வெளித்தாழ்ப்பாள் கிடையாதாம். அந்த நான்கு நாளைத்தான் நீ எண்ணிக் கழித்திருக்கிறாய். நாங்கள் வாயை மூடிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனோம், அதற்கு மார்க் போட்டிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உன்னிடம் வந்த பதிவேடு அப்படி, அதை அப்படி ஆக்கியதில் என் கையெழுத்தும் ஒன்று.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால், உன் கட்டுரையைக் கேட்ட அடுத்த வாரமே, கடிகாரத்துக்குப் பதவி உயர்வு வந்தது, அந்த இன்னொரு நாட்டுக் கம்பெனிக்கே தலைவனாகப் போகிறான் என்று. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வரும் நாளில் விழா, அதில் மூத்த தொழிலாளி என்று நான் நான்கு வார்த்தை பேச வேண்டுமாம். சரி சார் என்றேன். அவனே எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து இரண்டு தரம் அவன் முன்னாலேயே ஒப்பித்துக் காட்டினேன், நல்லா வருது என்று தலையாட்டினான். இதற்கு நடுவில் அத்தை வீட்டுக்குப் போனேன். முதல்நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்தாள். விரல்கள் உள்பக்கமாக மடிந்தபடியே இருக்கின்றன, தண்ணீர் டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடிக்கிறாள். உன் கட்டுரை, அவன் சொன்ன வார்த்தை, விழா எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருமகளிடம் சொல்லி ஒரு தகரப் பெட்டியை எடுத்துவரச் செய்து அதிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தாள். நீராவிக் காயம், வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டார், தேதி, நேரம், டாக்டர் கையெழுத்து. நான் அங்கெல்லாம் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

விழா அன்று அவன் எழுதிக் கொடுத்த முதல் மூன்று வரியை அப்படியே சொன்னேன். அவன் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தான், அதற்காகத்தான் காத்திருந்தேன். நான்காவது வரியில் சீட்டைப் பிரித்து வாசித்தேன். பிறகு சாட்சிக் கையெழுத்து என்னுடையது, அது பொய் என்றேன். மொழிபெயர்க்க வந்த பெண் பாதியில் வாயடைத்து நின்றாள். நீங்க சொல்லுங்கம்மா, அவங்க காத்திருக்காங்க என்றேன், சொன்னாள். கடிகாரம் எழுந்து, "அக்கா, போதும், உட்காருங்கக்கா" என்றான். தைத்த சட்டையைச் சரிபார்க்கிறவள் என்பதால் பதினாறு வருஷம் ஏய் செக்கிங் என்று கூப்பிட்டவனுக்கு அன்றைக்கு நான் அக்கா. அன்று பூட்டிய கூடத்துக்குள் இருந்தவர்களில் மூன்று பேர் எழுந்து ஆமாம் என்றார்கள், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆறு வருஷமாக என் தலையும் அப்படித்தான் இருந்தது.

மூன்று வாரம் விசாரணை நடந்தது. பதவி உயர்வு போயிற்று, பிறகு அவன் வேலையும் போயிற்று. பதிவேட்டில் அந்தத் தேதிக்குச் சிவப்பு மையில் விபத்து என்று எழுதியிருக்கிறார்கள், கதவுக்கு உள்ளிருந்தே திறக்கிற தாழ்ப்பாள் வந்துவிட்டது. என்னையும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள், பேசியதற்காக இல்லையாம், பொய்க் கையெழுத்துப் போட்டதற்காகவாம். அதில் தப்பில்லை என்று வாங்கிக்கொண்டு வந்தேன். நியாயம் கேட்டேன் என்று அழகாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையில்லை கண்ணு, நான் பழிவாங்கினேன். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்குரிய பஸ் இரண்டு வந்து போயின, ஏறவில்லை, அவன் எழுந்து வெயிலில் போய் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா, அதுதான் முடிந்துவிட்டதே, விடேன் என்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் போய்ச் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ உன் கோபத்தைத் தீத்துக்கிட்ட. எனக்கு அன்னைக்கு நீ கையெழுத்துப் போடாம இருந்திருந்தாலே போதும்" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவள் போ என்று சொல்லவில்லை, மறுபடி வா என்றும் சொல்லவில்லை.

இப்போது உனக்குள்ள வேலை. பதினோராம் பக்கத்தைத் திருத்து. யார் பூட்டினார்கள், யார் வால்வை மூடினாள், யார் பொய்யாகக் கையெழுத்துப் போட்டாள் என்று எழுது, அவள் என் அம்மா என்றும் எழுது. பெற்றவளாயிற்றே என்று என்னைப் பூசி மெழுகாதே, என் பங்கைக் குறைத்தால் அவன் பங்கும் குறைந்துபோகும். இரண்டு நாட்டுக்கும் போட்ட மார்க்கை என்ன செய்வது என்பது உன் படிப்பு, நீயே யோசி. ஆனால் உன் பேராசிரியருக்குக் கொடுக்கும் முன்னால் தமிழில் ஒரு பிரதி எழுதி அத்தைக்கு அனுப்பு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் வேறு யாருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. சித்தி பாவம், சிரித்துவிட்டோமே என்று இன்னும் வருந்துகிறாள், அவளுக்கு ஒரு போன் போடு. உன் படிப்பும் உன் கையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நானும் அப்பாவும் தினமும் நினைப்பது அது ஒன்றுதான். அத்தைக்கு அனுப்பும்போது மறக்காதே, தாள்களைச் சேர்த்துப் பின் அடித்துவிடாதே, தனித்தனியாக விடு. அவளால் பக்கம் புரட்ட முடியாது, ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி வைத்துத்தான் படிப்பாள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா