ஹெரால்டின் பின்சீட்டு

மீஞ்சூர்
12.1.2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

அக்கா சாராள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் உனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

சந்திரமோகன் போன ஆகஸ்டில் தவறிவிட்டார். இதை எப்படி எழுதுவது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். கும்மிடிப்பூண்டியில் அவர் பழைய கார்களைச் சேர்த்துவைத்த ஷெட்டை, நீ சீட்டுத் தைத்த அதே ஷெட்டை, அவர் தம்பி மியூசியமாகத் திறந்திருக்கிறார். சர்ச் பெண்கள் வேன் வைத்துப் போனோம். பதினேழு வண்டிகள். நீ கடைசியாகத் தைத்த சிவப்பு ஹெரால்டு காரும் நிற்கிறது. காவல்காரர் கலியன் சொன்னார்: "பின்சீட்டுல மட்டும் ஐயா யாரையும் குந்த வுட்டதில்லம்மா. ஆளு வரும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம்.

உன் அக்கா,
சாராள்


கோயம்புத்தூர்
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கார் சீட் கவர் கடையில் உட்கார்ந்து எப்படி அழுவது?

நான் அங்கே சீட்டுத் தைத்த காலத்தில் அந்த ஹெரால்டு ஓடாது. வேலை முடிந்ததும் என்னைப் பின்னால் உட்காரவைத்து, எனக்கு டிரைவர் என்று அவர் முன்னால் உட்காருவார். பொன்னேரி தாண்டியாச்சு, பழவேற்காடு வந்தாச்சு என்று ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே சொல்வார். நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பேன்.

ஒன்று கேட்கிறேன். ஊரில் எங்களைப் பற்றிப் பேச்சு கிளம்பி நான் இங்கே வந்தபோது, அவர் கேட்டால் கொடு என்று என் விலாசத்தை உன்னிடம் விட்டு வந்தேன். நான்கு வருடம் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவர் வரவில்லையா?

ஹெலன்


மீஞ்சூர்
2.2.2025

ஹெலன்,

வந்தார். நீ போன மாதமே வந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. "எங்க கீறாங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா, நான் போய் கூட்டிக்கினு வந்துடறேன்" என்றார். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பொய் சொன்னேன். நல்லா இருக்காங்களா என்று கேட்டார். இருக்கா என்றேன். வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அவர் வீட்டு நிலத்தில் நடவு நட்டவள் நம் அம்மா. அவர்கள் தெருப் பெண்ணோடு பேசினான் என்று நம் தெருப் பாக்கியராஜை அடித்துக் காலை முடமாக்கியதை நீயும் பார்த்தாய். உன்னை உயிரோடு வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். பிறகு சொல்லப் பயம். வருடம் ஏற ஏற அதுவும் ஏறியது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

சாராள்


கோயம்புத்தூர்
16.3.2025

அக்கா,

நீ பயந்தது புரிகிறது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் பயந்திருப்பேன். ஆனாலும் அவரோடு போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை கும்மிடிப்பூண்டி வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. எல்லோரையும்போல டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். நான் யாரென்று எவரிடமும் சொல்லவில்லை. சுவரில் அவர் படம் இருந்தது. தலை முழுக்க நரை. அவருக்கு நரைத்துவிட்டது என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது ரயில் மீஞ்சூரில் நின்றது. இறங்க எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் மன்னித்துவிடுவேன் என்று தெரிந்தது. அதற்குள் மன்னிக்க வேண்டாம் என்று மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

ஹெலன்