மறுப்புக் கடிதத்தின் பின்பக்கம்

அக்கா,

ஒக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். உங்கள் கோப்பில் இருபத்தேழு பிளாஸ்டிக் உறைகள் இருக்கின்றன, எண்ணிவிட்டேன். இருபத்தாறில் இருப்பவை எனக்குத் தெரிந்த தாள்கள். பாதி நானே எழுதியவை. பதினெட்டாவது உறையை மட்டும் இன்றுதான் திருப்பிப் பார்த்தேன்.

கோப்பை அத்தான் காலையில் கொண்டுவந்து தந்தார். உள்ளே வரவில்லை. "அவ அலுமாரிக்குள்ள கவனமா வைச்சிருந்தவ. எனக்கு இது விளங்காது. உமக்குத்தான் உதவும்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போய்விட்டார். திறந்தபோது உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது உங்கள் கைக்கிரீம் மணத்தது. கழிவு பிரிக்கும் ஆலையில் எட்டு மணி நேரம் ரப்பர் கையுறைக்குள் கிடந்து வெடித்த விரல்களுக்கு நீங்கள் பூசும் கிரீம். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. பிளாஸ்டிக்குக்குள் மணம் நெடுநாள் நிற்கும் என்பது என் படிப்பில் உள்ளதுதான். இருந்தாலும் எழுந்துபோய் யன்னலைத் திறக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் உறைக்குள் போடுவீர்கள். கடிதம் வந்த கவரைக்கூட. "கவரையும் ஏன் அக்கா சேர்க்கிறியள்?" என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். "கடுதாசி வந்த திகதிக்கு அதுதானே சாட்சி? இந்த நாட்டில கடுதாசி இல்லாமல் வாய் திறக்கேலாது" என்றீர்கள். அது சரிதான். அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நாம் விண்ணப்பித்த இந்த நிதியைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். போன வருடம் ஒரு மத்தியானம் என் வீட்டு மணியை இரண்டு தரம் அடித்தீர்கள். உங்கள் அடி எப்போதும் இரண்டு. கதவைத் திறந்தால், ஆலையின் அறிவித்தல் பலகையில் இருந்த தாளைப் படமெடுத்து வந்து நீட்டுகிறீர்கள். நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குப்பை மேட்டில் கொட்டும் ஒவ்வொரு லொறிக்கும் கழிவு நிர்வாகம் கட்டணம் வாங்குகிறது. அதில் ஒரு பங்கை, மேட்டைச் சுற்றி வாழ்கிறவர்களின் சுற்றுச்சூழல் வேலைகளுக்கு ஒதுக்குகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஒக்டோபர் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

"தம்பி, குப்பைக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு உதவி குடுக்கிறாங்களாம். நாங்கள் இருபது வருசமா மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கிறம். ஒருத்தனும் வாய் திறக்கேல்லைப் பாருங்கோ."

உங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்து வரும் பஸ் லொறிப் பாதையில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு அந்தப் பாதையின் ஓரத்தால், தூசிக்குள் நடக்க வேண்டும். இடையில் உட்கார ஒரு கல் கிடையாது. மேட்டின் அடியில் சும்மா கிடந்த ஒடுங்கிய நிலத்தில் ஒரு நடைபாதை, லொறிப் பக்கம் மறைப்பாக ஒரு வேலி மரவரிசை, மழைநீர் சேர ஒரு சிறு குளம், உட்கார இரண்டு வாங்கு. அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை உங்கள் சமையலறை மேசையில் நிரப்பினோம். நம் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவியாக உங்கள் பெயர், திட்டப் பொறுப்பாளராக என் பெயர். "அளவிடக்கூடிய இலக்கு" என்று ஒரு கட்டம் வந்தது.

"வாங்கு எண்டு போடுங்கோ. சாய்மானம் உள்ளது."

"அக்கா, வாங்கு ஒரு பொருள். இலக்கெண்டால் அளக்கக்கூடியதா இருக்கோணும்."

"அப்ப என்ர முழங்காலைப் போடுங்கோ. டொக்டர் மாசாமாசம் அளக்கிறார்தானே."

நான் சிரிக்கவில்லை. நேரம் போகிறதே என்றுதான் பட்டது. தாவர இனங்களின் எண்ணிக்கை, நிழற்பரப்பு, தூசி அளவு என்று நானே நிரப்பினேன். நீங்கள் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினீர்கள். அந்தக் கட்டத்தை இந்த ஆண்டும் நிரப்பியிருக்கிறேன். அதே பதில். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தால், மறுத்துப் பேச மேசைக்கு எதிரில் ஆளில்லை.

அந்த நிதிக்கு ஒரு விதி உண்டு. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை வேலையைத் தொடங்கக்கூடாது. தொடங்கினால் முழு விண்ணப்பமும் போய்விடும். இதை உங்களுக்கு மூன்று தரம் சொன்னேன். ஒரு தரம் சிவப்புப் பேனையால் கோடும் போட்டுக் காட்டினேன். விண்ணப்பத்தை அனுப்பி மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாலைந்து பேரோடு அந்த நிலத்தில் நின்றீர்கள். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் கொடுத்த ஹேசல் என்ற கொட்டை மரத்தின் கன்று ஒன்று. காற்றில் கற்பூரம் பற்ற மறுத்தது. நீங்கள் குனிந்து குளிர்ச்சட்டையை விரித்துப் பிடிக்க, அத்தான் லைட்டரைத் தட்டித் தட்டித் தோற்றுக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போகும் வழியில் கண்டுவிட்டு ஓடி வந்தேன்.

"என்னக்கா செய்யிறியள்? தொடங்கக்கூடாது எண்டெல்லோ சொன்னனான்!"

"வேலை தொடங்கேல்லைத் தம்பி. நல்ல நேரத்தில நாள் மட்டும் வைக்கிறம்."

"ரெண்டும் ஒண்டுதான்."

"எப்பிடி ஒண்டு? தாலிக்குப் பொன்னுருக்கினால் கலியாணம் முடிஞ்சுதே? பத்தரைக்குப் பிறகு ராகுகாலம். விலகி நில்லுங்கோ, காத்து வரட்டும்... ஐயோ, காத்து வராத பக்கம் நில்லுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ எடுத்த படம் அடுத்த வாரம் வீடுகளுக்கு இலவசமாக வரும் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. கையில் மண்வெட்டியோடு நீங்கள்.

தை மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. உங்கள் முகவரிக்கு. நீங்கள் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினீர்கள். முன்பக்கத்தை மட்டும். நான் ட்ராமில் நின்றுகொண்டே வாசித்தேன். அனுமதிக்கு முன்பே பணி தொடங்கப்பட்டிருப்பதால் விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை. இந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. இந்த நாட்டு அலுவலகங்கள் தாளின் இரு பக்கமும் அச்சடிக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. பின்பக்கத்தை அனுப்புங்கோ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. காரணம் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில், எட்டுக் குடும்பங்களுக்கு முன்னால், அந்த முன்பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். "ஒரு கன்று நட்டதாலை ஒரு வருசம் போச்சு. நான் மூண்டு தரம் சொன்னனான். சொன்னதைக் கேக்காட்டி இப்பிடித்தான்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அக்கான்ர நல்ல நேரம் ஜெர்மன் கலண்டரில இல்லைப் போல" என்றார். சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். "ஓம், என்ர பிழைதான்" என்று சொல்லிவிட்டு, காலியான தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனீர்கள். கூட்டம் முடியும்வரை அங்கே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும். என் வீட்டு மணியும் இரண்டு தரம் அடிப்பது நின்றது. என் அப்பாவும் அம்மாவும் லண்டனுக்குப் போன பிறகு அந்த மணியை அடித்தவர் நீங்கள் ஒருவர்தான். பொதி கொண்டுவருபவர்கூடக் கீழே போட்டுவிட்டுப் போகிறவர். அலுவலகக் கடிதங்களை நீட்டி, "இதில என்னவாம்?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தொந்தரவாக இருந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மாசியில் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தரம் வந்தேன். பான் நகரில் ஒரு நிலத்தடி நீர் அளவீட்டு வேலை, நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உங்கள் வாயின் ஒரு பக்கம் அசையவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடித்தான் எடுத்தீர்கள்.

"அடுத்த அன்ட்ராக்... விண்ணப்பம்... எப்ப?"

"ஒக்டோபரிலதான் அக்கா. இந்த முறை ஒருத்தரும் நாள் வைக்கக்கூடாது."

பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். நீங்கள் அசைகிற பாதி வாயால் சிரித்தீர்கள். நான் உங்களோடு பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

இனி இன்றைய சங்கதி. புதிய விண்ணப்பம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு கட்டம் மிச்சம். முன்பு மறுக்கப்பட்டதா, ஏன், அந்தக் கடிதத்தின் இலக்கம் என்ன? காரணத்தை நேற்றே எழுதிவிட்டேன்: சங்க உறுப்பினர் ஒருவர் அனுமதிக்கு முன் கன்று நட்டுவிட்டார். நீங்கள் அனுப்பிய படத்தில் இலக்கம் இருந்த மூலை வெட்டுப்பட்டிருந்ததால் அத்தானிடம் கேட்டேன். அதனால்தான் கோப்பு வந்தது. பதினெட்டாவது உறையை இழுத்தேன், இலக்கத்தைப் பதிந்தேன். உறை கையிலிருந்து வழுக்கி, மறுபக்கமாக விழுந்தது.

பின்பக்கத்தில் நாலு வரி இருக்கிறது. பத்திரிகைப் படத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடையாளமாக ஒரு கன்றை நடுவதைப் பணியின் தொடக்கமாகக் கருதுவதில்லை, அதனால் பாதகமில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நாள் வைப்பது வேறு, வேலை தொடங்குவது வேறு என்று நீங்கள் சொன்னதை ஒரு ஜெர்மன் அலுவலகம் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது, அக்கா. நான்தான் ஏற்கவில்லை.

நாலாவது வரியில் உண்மைக் காரணம். குளம் வெட்டும் இயந்திரத்துக்கு மூன்று விலைக்கூற்றுகள் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் இழுத்தடித்தது. வசந்தத்தில் இயந்திரம் கிடைக்காமல் போய்விடும் என்று அவசரப்பட்டு, அவர்களது இணையப் பக்கத்திலேயே பதிந்து கையெழுத்தும் போட்டேன். வந்த தாளை மூன்றாவது விலைக்கூற்றாக இணைத்தேன். அது விலைக்கூற்று அல்ல, உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தம். திகதியோடு, திட்டப் பொறுப்பாளராகிய என் பெயரோடு. ஒப்பந்தம் கையெழுத்தானால் பணி தொடங்கியதாகத்தான் அர்த்தம். நீங்கள் கன்று நடுவதற்கு ஒரு மாதம் முன்பே நான் தொடங்கிவிட்டேன். பிறகு, உதவி இல்லை என்றதும், ஒரு மின்னஞ்சலில் அந்தப் பதிவை நீக்கிவிட்டு மறந்தும்போனேன்.

இதோடு முடிந்திருந்தால் என் பிழையை நான் ஒப்புக்கொள்வதோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் உங்கள் பென்சில் இருக்கிறது. விளங்காத ஜெர்மன் சொல்லுக்கு மேலே தமிழில் குட்டியாக எழுதும் உங்கள் பழக்கம். முதல் வரியில் "படம்". இரண்டாவதில் "சும்மா நட்டது". மூன்றாவதில் "பாதகம் இல்லை", கீழே ஒரு கோடு. நாலாவது வரிக்கு மேல் எதுவும் இல்லை. அங்கே என் பெயர் வருகிறது. பெயருக்கு அகராதி தேவையில்லை.

எப்போது எழுதினீர்கள்? கூட்டத்துக்கு முன்பா, பிறகா? கன்றால் பாதகமில்லை என்று தெரிந்துகொண்டேதான் "என்ர பிழைதான்" என்றீர்களா? இல்லை, வீட்டுக்குப் போய் அகராதியோடு உட்கார்ந்து, மூன்றாவது வரியில் ஆறுதலடைந்து, அதற்கு மேல் வாசிக்காமல் விட்டீர்களா? என் தொழிலில், தரவு இல்லாவிட்டால் தெரியாது என்று எழுதுவோம். எனக்குத் தெரியாது. இதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். இந்த வீட்டில் இதைச் சத்தமாகச் சொன்னாலும் சுவரில்தான் படும். அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது நல்ல நினைவு ஒன்றுமில்லை. குசினிக்குள் கேட்ட அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான். எட்டுக் குடும்பங்களின் கோப்பைகளைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அன்றே கணக்குப் போட்டிருக்கலாம்.

செய்யப்போவது:

1. அந்தக் கட்டத்தில் நேற்று எழுதியதை அழிப்பேன். "திட்டப் பொறுப்பாளராகிய நான் அனுமதிக்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்" என்று எழுதுவேன். இதனால் பொறுப்பாளராக என்னை ஏற்க மாட்டோம் என்றால், வேறொருவர் பெயரைப் போட்டு, வேலையை நானே செய்வேன்.

2. அனுமதிக் கடிதம் வந்தால் இரு பக்கமும் வாசிப்பேன். அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

3. நாளை அத்தான் வீட்டுக்குப் போவேன். போனில் சொல்ல மாட்டேன். உறையை மேசையில் வைத்து, பின்பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவர் திட்டினால் கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டாவிட்டாலும் உடனே எழும்பி வர மாட்டேன்.

4. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், தேத்தண்ணிக்கு முன், பின்பக்கத்தை அதே சுவரில் அதே அளவில் காட்டுவேன். "ஒரு தவறு நடந்துவிட்டது" என்று சொல்ல மாட்டேன். "நான் செய்தேன், அக்கா செய்யவில்லை" என்று சொல்வேன்.

5. நாலாவது வரியை நீங்கள் வாசித்தீர்களா என்று அத்தானிடம் கேட்க மாட்டேன். கேட்டால் அது எனக்காகக் கேட்பது.