லில்லிபாயின் ரத்துச் சீட்டு

நாள் 211, காலை 06:10
சனிக்கோள், தொடர்பு நிலையம். பணியாளர் ஒருவர்: ஞானசிகாமணி, வயது ஐம்பத்திரண்டு. எடையே இல்லாத இடத்திலும் தொப்பை மட்டும் இருக்கிறது. காற்று இன்னும் ஒரு மாதத்துக்கு. விண்கல் பட்டுப் பெரிய ஆன்டெனா போய் மூன்று மாதம். சின்னது பக்கத்தில் வருபவர்களோடு மட்டும் பேசும்; பக்கத்தில் யாரும் வருவதில்லை. இன்று ஒன்று வருகிறது, டைட்டன் நிலவின் தளத்துக்குப் போகும் ஆளில்லாச் சரக்குக் கப்பல். சவரம் செய்துகொண்டேன். ஆளில்லாக் கப்பலுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.

காலை 09:40
கப்பல் தொடர்பில். எங்கள் மென்பொருளுக்குத் தலைமைப் பிரதி கிடையாது. பூமி, டைட்டன், கப்பல், நான், எல்லாரிடமும் முழு வரலாறும் உண்டு. சந்திக்கும்போது புது மாற்றங்களைப் பகிர்ந்துகொள்வோம். எழுதியவர் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் வாங்காது. ஒரு வரி மாற்றம் எழுதினேன். குறிப்பு: "உயிரோடு இருக்கிறேன். கூட்டிப்போங்கள். வரும்போது மீன் ஊறுகாய்." கையொப்பமிட்டு அனுப்பினேன்.

பதில்: "கையொப்பம் பொருந்துகிறது. சாவி ரத்தானது. மாற்றம் ஏற்கப்படவில்லை."

காலை 10:30
கொடுக்கத்தான் தடை, வாங்கத் தடையில்லை. மூன்று மாத வரலாற்றை இறக்கிப் படித்தேன். ரத்து செய்தது லில்லிபாய். என் மனைவி. இந்தக் கப்பலின் தரையிறங்கும் நிரலைப் பூமியிலிருந்து எழுதுபவள்.

எங்களிடம் ஒரு வழக்கம். பணியில் சேரும்போது ஒவ்வொருவரும் தன் சாவியைக் கொல்லும் ரத்துச் சீட்டைத் தானே கையொப்பமிட்டு, மிக நம்பும் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். செத்தவன் சாவியை இன்னொருவன் எடுத்து ஆளக் கூடாதே. டைட்டன் தலைவன் சுயம்பு தன்னுடையதை அம்மாவிடம் கொடுத்தான்; அவன் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி. நானும் லில்லிபாயும் மாலை மாற்றுவது போல ஒருவர் சீட்டை ஒருவர் வாங்கிக்கொண்டோம்.

சுயம்புவின் குறிப்பு: "அக்கா, சாவிய ரத்து பண்ணிருங்க. அண்ணன் போயாச்சு. விதின்னு ஒண்ணு இருக்குல்லா."

லில்லிபாய்: "ஒங்க அண்ணன் சவரம் பண்ணவே அரை நாள் எடுப்பாரு. சாவதுக்கு மட்டும் அவசரப்படுவாராக்கும்?"

ஒரு மாதம் கழித்து, ரத்தோடு: "எல்லாரும் சொல்லுகாவ. நான் சொல்லல. கையெழுத்து மட்டும் போடுகேன்."

அதன்பின் அவள் அனுப்பிய மாற்றங்களில் குறிப்பே இல்லை. வெறும் நிரல். அரட்டை அடிக்காமல் ஒரு வரி எழுதமாட்டாள் அவள்.

பிற்பகல் 14:20
மரமண்டைக்கு இப்போதுதான் எட்டியது. அவள் ரத்துச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதில் அவள் கையொப்பம் உண்டு. யார் கொடுத்தாலும் கப்பல் வாங்கும். டைட்டனுக்குப் போனதும் சுயம்புவுக்கு விளங்கிவிடும், அது என் ஒருவனிடம்தான் இருந்தது என்று. நான் உயிரோடு என்று தெரிந்தால் இரண்டே நாளில் அங்கிருந்து மீட்புப் படகு வரும். ஆடினேன். இங்கே ஆடினால் தலைகீழாகச் சுற்றும். சுற்றினேன்.

பிற்பகல் 15:00
ஆட்டம் நின்றது. நாளை இறங்கும் முன் கப்பல் அவள் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சாவி ரத்தானால் நிரல் ஓடாது; கப்பல் டைட்டனைத் தாண்டிப் போய்விடும். இறங்கும் நிரலில் கையொப்பமிட அவளுக்கு மட்டுமே அதிகாரம். பூமியோ சூரியனுக்குப் பின்னால். மூன்று வாரம் பேச முடியாது.

சரக்கு, காற்று வடிகட்டிகள். டைட்டனில் பதினொரு பேர். சுயம்புவின் கடைசிக் குறிப்பு: "பழைய வடிகட்டி பத்து நாளு தாங்கினா பெருசு. லில்லியக்கா கப்பல நம்பித்தான் இருக்கோம்."

மாலை 17:45
கப்பல் விலகுகிறது. விரல் இரண்டு முறை பொத்தான் வரை போய் வந்தது. என்னை எனக்குத் தெரியும். மூன்றாம் முறை அழுத்திவிடுவேன். சீட்டை அழித்தேன்.

மாலை 18:02
தொடர்பு அறுந்தது. முகம் வழவழவென்று இருக்கிறது. வீண் சவரம்.

நாள் 240, நேரம் பார்க்கவில்லை
தலை வலி. எழுத்து ஓடுகிறது. கண்டெடுப்பவருக்கு: இந்த நாட்குறிப்பில் என் கையொப்பங்களை எல்லாம் நீக்கிவிட்டேன். ரத்து செய்த அன்று நான் உயிரோடு இருந்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். சரியாகத்தான் செய்தாள். லில்லிபாய் கேட்டால், யாரோ எழுதிவைத்த கதை என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அந்த மீன் ஊறுகாய் வரியை அழித்துவிடுங்கள். சவரத்தையும். நான் அழிக்கப் பார்த்தேன், கை வரவில்லை. அவளுக்குக் கையொப்பமெல்லாம் வேண்டாம், அதிலேயே கண்டுபி

கையொப்பம்: இல்லை.