வருத்தம் என்று எழுதியிருந்தது

சூட்டி,

மாரி மழைக்கு அலுமாரிக்குள் ஈரம் ஏறிவிட்டது. உன் சீலைகளெல்லாம் பூஞ்சணம். போன கிழமை ஒரு நாள் நல்ல வெயில் எறித்ததால் எல்லாவற்றையும் எடுத்து வேலியில் போட்டேன். அடியில் உன் வேதப்புத்தகம் துவாயில் சுற்றினபடி கிடந்தது. விரித்தவுடன் அந்த மணம் முகத்தில் அடித்தது. ஒலிவ எண்ணெய் பழுதாகினால் எப்படி மணக்கும் என்று உனக்குத் தெரியாது. நல்லெண்ணெய் மாதிரியும் இல்லை, தேங்காயெண்ணெய் மாதிரியும் இல்லை. புண்ணில் கட்டி அவிழ்த்த துணியின் மணம். மூன்று மாதம் உன் துணியைத் தோய்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

இதை உன் தையல் அளவுக் கொப்பியில்தான் எழுதுகிறேன். முன்பக்கமெல்லாம் எங்கள் ஊர் முரசுமோட்டைப் பெண்களின் தோளும் கையும் இடுப்பும். பின்பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருக்கும். நீ இருந்தால் பறித்துத் திருத்தியிருப்பாய். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறதைப் பார்த்து, "அக்கா, நீ இந்தப் பக்கத்தை முடிக்கிறதுக்குள்ளை ஆண்டவர் ரெண்டாந்தரமும் வந்திட்டுப் போயிடுவார்" என்று சிரித்தவள் நீ. அவர் வரவில்லை. நான் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை முடிந்து இருந்த முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு மனுசிதான் உனக்கு அந்தப் புத்தகத்தைத் தந்தது. அதற்கு முந்தி எங்களுக்கு வந்த கடதாசியெல்லாம் வானத்திலிருந்து விழுந்தவை. இன்ன இடத்துக்குப் போங்கள், அங்கே பயமில்லை என்று அச்சடித்த துண்டுகள். நீதான் வாசித்துச் சொன்னாய். வீட்டில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் நீ ஒருத்திதானே. நீ வாசித்தாய், நாங்கள் போனோம். போன இடத்திலும் குண்டு விழுந்து, உன் மனுசனைப் புழுதிக்குள் விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு பால்மாப் பைக்கற்றில் இருந்த எழுத்தைக்கூட நீ வாசிக்கமாட்டாய். கண்ணை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாய்.

அந்தப் புத்தகத்தை மட்டும் வாசித்தாய். நான் கோபத்தில் கேட்டேன், "எங்கடை பிள்ளையாரை விட்டிட்டு இதென்னடி உனக்கு?" நீ கத்தவில்லை. "பொய் சொல்லாத ஒரு கடதாசி எனக்கு வேணுமக்கா. ஒண்டே ஒண்டு போதும்" என்றாய். அதற்கு மேல் நான் என்ன கதைக்கிறது?

ஊருக்குத் திரும்பி வந்து, தகரக் கொட்டிலைப் போட்டு, நீ தையல் மெசினில் இருந்தாய், நான் வயலுக்குப் போனேன். சபைக்குப் போய் வருகிற உன்னைத் தெருவில் "அல்லேலூயா போகுது" என்று பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணினவர்களும் சட்டை தைக்க உன்னிடம்தான் வந்தார்கள். பின்னேரங்களில் நான் அரிசி புடைக்க, நீ வாசிப்பாய். பிடித்த இடம் வந்தால் துணியில் கோடு போடுகிற சிவப்புப் பென்சிலை எடுத்து, அடிமட்டம் வைத்து, வரிக்கு அடியில் நேராகக் கோடு இழுப்பாய். ஒருநாள் கேட்டேன்.

"உதிலை இருக்கிறது முழுக்க உண்மையோடி?"

"முழுக்க. ஒவ்வொரு எழுத்தும் கடவுளின்ரை மூச்சு. எழுதினது மனுசர்தான். ஆனா எழுதுவிச்சவர் அவர்."

"இத்தனை பெரிய புத்தகம். ஒரு வரி, ரெண்டு வரி எங்கையாவது பிழைச்சிருக்காதோ?"

"கழுத்திலை கால் இஞ்சி பிழைச்சா சட்டை முழுக்கப் பிழையக்கா. தோளிலை தூக்கும், கையிலை இழுக்கும். இதிலை ஒரு வரி பிழையெண்டா மற்ற வரியளை என்னெண்டு நம்புறது?"

நான் புடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு மறுமொழி வரவில்லை. இப்போது வருகிறது. பிழைத்த சட்டை ஒன்றையும் நீ எறிந்ததில்லை, சூட்டி. இருந்து பிரித்துத் திரும்பத் தைத்தாய். அதைச் சொல்ல நீ இல்லை.

மார்பில் கட்டி என்று நீ சொன்ன அன்றைக்கே உன்னைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்குத்தர் சின்னப் பெடியன், நல்லவன். யாழ்ப்பாணத்துக்குப் போய் வெட்டி எடுக்கவேண்டும், இரண்டு கிழமைக்குள் போங்கோ அம்மா, பிந்தினால் கஷ்டம் என்று சொல்லி ஒரு துண்டு எழுதித் தந்தான். துண்டு என்று அவன் சொன்னபோது உன் முகம் போன போக்கை நான் கண்டேன். பஸ்ஸில் அதைக் கையில் வைத்திருக்கக்கூட நீ விரும்பவில்லை. என் மடியில் போட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்தாய். என்னைக் கேளாமலே சத்தமாய் வாசித்தாய். தன்னிடம் வரச்சொல்லி, வந்தால் இளைப்பாற்றிவிடுகிறேன் என்று இயேசு எல்லாரையும் கூப்பிடுகிற இடம். அதில் வருத்தப்பட்டு என்று ஒரு சொல் வந்தது. எனக்கும் பயம்தான், சூட்டி. வெட்டக் கூட்டிக்கொண்டு போன எங்கள் மாமியைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்று அந்தச் சொல்லைப் பிடித்தேன்.

"எடியே, நில். வருத்தப்பட்டவையை வரச்சொல்லிக் கிடக்கு. வருத்தக்காரரைத்தானே கூப்பிடுறார்? உன்னைத்தான் கூப்பிடுறார்."

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம், சீனியும் வருத்தம், உன் கட்டியும் வருத்தம். வேறு கருத்து இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாய். பிறகு, "ஓம் அக்கா" என்றாய். சிவப்புப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டாய். டாக்குத்தர் தந்த துண்டை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பக்கத்துக்குள் வைத்து மூடினாய். யாழ்ப்பாணத்துக்குப் போகிற கதை அதோடு நின்றது.

அடுத்த கிழமை பாஸ்டர் வந்தார். சபையிலிருந்து நாலு பெண்களும் வந்தார்கள். இரவல் கதிரைகளில் உன்னைச் சுற்றி இருந்தார்கள். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றேன். பாஸ்டர் கூப்பிட்டார், "அக்கா, நீங்களும் வாங்கோ. உங்கடை தங்கச்சிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கோ." நான் என்னத்தைச் சொல்வது? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "வருத்தக்காரரை வரச்சொல்லி இதிலை எழுதியிருக்கு" என்றேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பாஸ்டரும் சொன்னார். நாலு படித்த பெண்களுக்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லி அவர்கள் ஆமென் என்றது என் சீவியத்தில் அன்றைக்குத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாய் இருந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். செபம் என்றுதான் நினைத்தேன்.

பாஸ்டர் உன் நெற்றியில் எண்ணெய் பூசும்போது கை தட்டுப்பட்டுப் போத்தல் சரிந்து, உன் மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தில் ஊற்றுப்பட்டது. "வசனத்துக்கும் அபிஷேகம்" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். தாள் கண்ணாடி மாதிரிப் போய், மற்றப் பக்கத்து எழுத்தும் தெரிந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உன் உடம்பில் நடந்தது. வீடு வீடாய் வருகிற மிட்வைஃப் மிஸ்ஸி படலையில் நின்று கத்தினா, "என்ன பைத்தியமோ உங்கள் ரெண்டு பேருக்கும்? கட்டி இப்ப தேசிக்காயளவு இருக்கு!" நீ மெசினில் இருந்தபடி, "எழுதியிருக்கு மிஸ்ஸி" என்றாய். "என்ன எழுதியிருக்கு? டாக்குத்தர் எழுதின துண்டு எங்கை?" என்றா. நான் படலையைச் சாத்தினேன். நான்தான் சாத்தினேன், சூட்டி. பிறகு கட்டி வெடித்தது. பிறகு நீ ஓம் என்றாலும் இல்லை என்றாலும் ஒன்றுதான். நான் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். அதே டாக்குத்தர்தான். உன்னைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ அம்மா" என்றான். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

உன்னை அடக்கம் செய்த அன்றைக்குப் பாஸ்டர் நல்ல வார்த்தையெல்லாம் சொன்னார். கடைசி வரைக்கும் நம்பினவள் என்றார். நான் அழவில்லை. ஒரு வருசமாய் அந்தப் புத்தகத்தைத் தொடவுமில்லை.

போன கிழமைதான் தொட்டேன். எண்ணெய்ப் பக்கம் தானாக விரிந்தது. துண்டு அதிலேயே ஒட்டிப்போய் இருந்தது. விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். உன் சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே அந்தச் சொல். அந்தச் சொல்லுக்கு மேலே, இடுக்கில், கரிப் பென்சிலால் நுணுக்கமாய் ஏதோ எழுதியிருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். க, ளை, ப், பு. உன் எழுத்து. உன் ளை எனக்குத் தெரியும், இந்தக் கொப்பி நிறைய இருக்கிறது.

ஞாயிறு சபை முடியுமட்டும் வெளியே நின்று பாஸ்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மெதுவாய்ச் சொன்னார், "இது இந்தியாவிலை அந்தக் காலத்திலை மொழிபெயர்த்ததக்கா. அங்கை வருத்தமெண்டா பாடு, களைப்பு. எங்கடை ஆக்கள்தான் நோயை வருத்தமெண்டுறது. பாடுபட்டுக் களைச்சவையைத்தான் இதிலை கூப்பிடுறார்."

"அண்டைக்கு நான் சொல்லேக்கை உங்களுக்கு இது தெரியுமோ?"

அவர் செருப்பைப் பார்த்தார். "தெரியும்."

"பிறகேன் ஆமென் எண்டனீங்கள்?"

"நீங்கள் முதல்முதலா வசனம் சொன்னீங்கள். அதைக் குழப்பக்கூடாதெண்டு நினைச்சன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாமெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை அக்கா."

"போங்கோ எண்டும் சொல்லேல்லை."

"வசனத்திலை பிழையில்லை. நாங்கள் விளங்கினதுதான் பிழை."

எனக்கு வாய் நிற்கவில்லை. "எழுத்துக்கு எழுத்துக் கடவுள் மூச்சை ஊதினவரெண்டுதானே சொல்லுறியள்? முரசுமோட்டையிலை ரெண்டு பெண்டுகள் இருக்கினம், அவையின்ரை காதிலை இந்தச் சொல் வேறையா விழுமெண்டு அவருக்குத் தெரியாதோ? தெரிஞ்சும் ஊதினவரோ?" என்றேன். அவர், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா" என்றார். நான் குடிக்கவில்லை.

பாஸ்டரை விடு. கடவுளையும் விடு, அவர் எனக்கு மறுமொழி சொல்லுவார் என்று நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. எனக்கு உன்னைத்தான் கேட்கவேண்டும்.

இந்தக் கொப்பியில் சோதித்துப் பார்த்தேன். ஒரு தாளில் பென்சிலால் களைப்பு என்று எழுதி, மேலே எண்ணெய் விட்டேன். இன்னொரு தாளில் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, அதற்கு மேலே எழுதினேன். இரண்டையும் உன் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரி மங்கலாய்க் கிடக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏன் பெரியம்மா எல்லாத் தாளையும் பழுதாக்கிறியள்?" என்கிறாள்.

எண்ணெய்க்கு முந்தி எழுதினாயென்றால் உனக்கு முதலே தெரியும். நான் அந்தச் சொல்லைப் பிடித்தபோது நீ என்னைப் பார்த்த பார்வைக்கும் கருத்து இருக்கிறது. வெட்டப் பயந்து என் பிழையைச் சாட்டாகப் பிடித்தாயா? இல்லை, எழுத்துத் தெரியாத அக்கா முதன்முதல் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள், அவளை வெட்கப்படுத்தக் கூடாது என்று உன் உயிரை விட்டாயா? பிந்தி எழுதினாயென்றால் அது வேறு. பாயில் கிடந்து நோவோடு வாசிக்கும்போது உனக்கு விளங்கியிருக்கிறது, நீ நம்பினது அவருடைய வார்த்தையை இல்லை, என் வார்த்தையை என்று. விளங்கியும் சொல்லாமல், நான் பருக்கின கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாய். இரண்டில் எதை என்னால் பொறுக்கமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தியில் யாராவது, "என்னக்கா மெலிஞ்சுபோனியள், ஏதும் வருத்தமோ?" என்று கேட்டால் எனக்கு அந்தச் சொல் வாயில் வருகுதில்லை. "இல்லை, களைப்பு" என்கிறேன். உன் சொல்லைத்தான் சொல்கிறேன். கூப்பிடப்பட்டவள் நான்தான் போல. நான் போகவில்லை. புத்தகத்தை மட்டும் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன், துண்டை எடுக்கவில்லை.

அந்தச் சொல்லை எப்போது எழுதினாய், சூட்டி? எண்ணெய்க்கு முந்தியா, பிந்தியா?